நாடாவாரு வூடு வந்தாச்சா?

போன மாதம் எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் சேலையூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு கல்வெட்டுப் பிரிவில் சேர்ந்தவர்கள். மடிக்கணினியைத் திறந்து காட்டினார்கள். கோயில் சுவரை ஸ்கேன் செய்தால் போதுமாம், எழுத்தெல்லாம் திரையில் வந்து நிற்கிறது. எனக்கு மகா சந்தோஷம். எழுத்தைப் படியெடுக்க ஈரத் தாளைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறி இறங்கி என் முழங்கால் இரண்டும் போனதுதான் மிச்சம். இந்த இயந்திரம் அப்போதே வந்திருந்தால் நான் இன்றைக்கு மாடிப்படியை மனுஷி மாதிரி ஏறிக்கொண்டிருப்பேன்.

வந்தவர்களில் அந்தப் பெண் கடைசியாக ஒன்று சொன்னாள், பெருமையாக. "உடைஞ்ச எழுத்தைக்கூட இதுவே கெஸ் பண்ணிப் போட்டுடுது மேடம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "போடக் கூடாது" என்றேன்.

"முக்காவாசி கரெக்டாதான் வருது மேடம்."

"மீதிக் காவாசியிலதாம்மா ஒருத்தியோட மானமே இருந்துச்சு."

இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். காப்பி கொடுத்து உட்காரவைத்துச் சொன்னேன். போகும்போது, "இதை எழுதி வைங்க மேடம்" என்றார்கள். அதனால் எழுதுகிறேன். எனக்கு நேராகச் சொல்லத் தெரியாது, அங்கே இங்கே சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் பாடம் எடுக்கப்போகிறேன் என்று கனவு கண்டவளை, அரசாங்கம் கொண்டுபோய்ச் சுவருக்கு முன்னால் நிறுத்தியது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத கல்லைப் படிக்கக் கண் பழக வேண்டும். வௌவால் எச்சத்துக்கும் சுண்ணாம்புக்கும் வாசனையில் வித்தியாசம் தெரிய வேண்டும். இரண்டும் வந்துவிட்டன. அப்புறம் என் மேலதிகாரியாக வந்து சேர்ந்தார் பத்மநாபன் சார்.

சார் எங்கள் துறைக்கு வருவதற்கு முன்னால் கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அந்தப் பழக்கம் விடவில்லை. கல்வெட்டைப் படிப்பது என்றால் அவருக்கு வருகைப் பதிவு எடுப்பது. வரிசையாக ஒவ்வோர் எழுத்தின்மேலும் விரலை வைத்து, "ம?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்பவர் பார்த்து, "இருக்கு சார்" என்று சொல்ல வேண்டும். "க?" "இருக்கு சார்." "அடுத்தவர்?" கல் பெயர்ந்து போயிருந்தால், "ஆப்சென்ட் சார்" என்று சொல்ல வேண்டும். சொன்னால், எழுதிவரும் படியில் அந்த எழுத்துக்குப் பதில் ஒரு புள்ளி வைப்பார். 'இது இன்ன எழுத்தாகத்தான் இருக்கும்' என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு. "வராத பையனுக்கு ப்ராக்ஸி குடுக்கறியா? அவங்கப்பா வந்து கேட்டா நீ பதில் சொல்வியா?" என்பார். துறை முழுக்க அவருக்கு 'ஆப்சென்ட் ஐயா' என்றுதான் பெயர். அவருக்கும் தெரியும், உள்ளூர ரசித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

குரலை உயர்த்த மாட்டார். யாரையும் வெயிலில் விட்டுவிட்டு நிழலில் உட்கார மாட்டார். பையில் எப்போதும் பொரியும் பொட்டுக்கடலையும் இருக்கும். வேலை நடக்கும்போது ஊர்க்காரர்கள் வந்து, "புதையல் எதுனா போட்டுகீதா சார்?" என்று கேட்டால், ஒரு கை பொரியைக் கொடுத்து, "இதான் இருக்கு" என்று சொல்லி அனுப்புவார். இப்போது அவர் இல்லை. இருந்திருந்தால் இந்த மடிக்கணினிக்கும் ஒரு கை பொரி நீட்டியிருப்பார்.

செங்கழனிப்பாக்கத்துக்கு நாங்கள் போனது சார் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையை விட்டு உள்ளே ஏரிக்கரையோரம் போனால் வரும் ஊர். ஒரு பக்கம் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. மறுபக்கம் சின்ன சிவன் கோயில். திருப்பணி தொடங்குவதற்கு முன் சுவரில் உள்ள எழுத்துகளைப் படியெடுக்கச் சொல்லி எங்களை அனுப்பியிருந்தார்கள்.

முதல் நாளே ஊரின் பெருமை எங்களுக்கு ஓதப்பட்டது. ஓதியவர் ஏகாம்பரம். அந்த ஊரின் பழைய குடும்பத்துப் பெரியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, சக்கர நாற்காலியில் கோயிலுக்கு வந்திருந்தார். வாய் கொஞ்சம் குழறினாலும் ஓயாத வாய்.

"இந்தக் கோயிலு கட்னது நாடாவாரு. எங்க வம்சத்து ராஜா. ஆறடி ஒசரம், மீசை இங்க இருந்து இங்க வரிக்கும். வெள்ளைக் குதிரை. வண்டலூர் மலையில புலி அட்ச்சவரு. அந்தப் புலியோட பேரன் பேத்திதான் இப்ப ஜூவுல கீது, தெரியுமா?"

"புலியே சொன்னதா?" என்றேன்.

"மேடத்துக்குக் குசும்பப் பாரு" என்று சிரித்தார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பங்குனி உத்திரத்தன்று சாமி புறப்படுவதற்கு முன்னால் குருக்கள் வாசலுக்கு வந்து, "நாடாவாரு வூடு வந்தாச்சா?" என்று உரக்கக் கேட்பார். ஏகாம்பரத்தின் குடும்பத்தைத்தான் அப்படிச் சொல்வது. அந்த வீட்டுத் தலைவர் முன்னால் வந்து, "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். சாமிக்குச் சாத்திய துணியை எடுத்துக் குருக்கள் அவர் தலையில் கட்டுவார். அதுதான் பரிவட்டம். அதன் பிறகுதான் சாமியைத் தூக்குவார்கள். பதில் வராவிட்டால் சாமி நகராது.

அதுவரை ஏகாம்பரம்தான் பதில் சொல்லி வந்தார். அந்த வருஷம் அவரால் நிற்க முடியாது. அவருக்கு ஒரே மகள், வேதவல்லி. ஊர் முழுக்க வேதாக்கா. அவருடைய தம்பி மகன் கோதண்டம் சிமெண்டும் டைல்ஸும் விற்கும் கடை வைத்திருந்தார். உத்திரத்துக்கு யார் பரிவட்டம் கட்டிக்கொள்வது என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஏகாம்பரத்துக்கு மகள்தான் வேண்டும். ஊர்ப் பெரியவர்களோ, "ராஜா வம்சத்து மரியாதை ஆம்பளைக்குத்தான். பெரியவருக்கு முடியலன்னா கோதண்டம் வரட்டும்" என்றார்கள்.

வேதாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேடவாக்கத்து அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி விடுகிறவள். காதில் ஒரு போன், கையில் ஒரு போன். "யோவ், ஜல்லடியன்பேட்டை சிக்னல்ல நின்னுகினு கீறேன்னு நேத்தும் இதே கதைதான் சொன்ன, வண்டிய எட்றா" என்று அவள் ஒரு அதட்டு அதட்டினால் கோபுரத்துப் புறாவெல்லாம் பறக்கும். அப்படிப்பட்டவள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. நான் கேட்டபோது, "எனக்கு இன்னாத்துக்கு மேடம் அது? ஆசைப்பட்றது எங்க நைனா" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆசை இல்லாதவள் ஏன் முகத்தைத் திருப்ப வேண்டும்? எங்கப்பாவுக்கும் நான் ஒரே பெண். எனக்குத் தெரியாதா அது?

தெற்குச் சுவரின் அடிப்பகுதியில்தான் எங்களுக்கு வேண்டிய கல்வெட்டு இருந்தது. தேங்காய் நார் பிரஷ்ஷால் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவினோம். தண்ணீரில் ஊறிய தாளைக் கல்லின்மேல் ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கினோம். தாள் பாதி காய்ந்ததும் மை தொட்ட துணிப் பொதியால் மெல்ல ஒற்ற வேண்டும். கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் கண் விழிக்கும். 

சார் வருகைப் பதிவைத் தொடங்கினார். ஊரே சுற்றி நின்றது. சோமன் வீரப்பெருமான் என்று ஒரு பெயர். இந்தப் பக்கத்தை ஆண்ட சிற்றரசன். ஏகாம்பரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து வந்தது அந்த இடம்.

"ம?"

"இருக்கு சார்."

"க?"

"இருக்கு சார்."

"அடுத்தவர்?"

நான் குனிந்து பார்த்தேன். கல் பெயர்ந்திருந்தது. ஒரு சுழி மட்டும் மிச்சம். அதற்கப்புறம் தெளிவாக 'பெரிய நாடாள்வார்' என்று இருந்தது. நாடாள்வார் என்றால் நாட்டை ஆள்பவர். அதுதான் ஊர் வாயில் தேய்ந்து நாடாவாரு ஆகியிருக்கிறது. வீரப்பெருமான் மகன் நாடாள்வாரா, மகள் நாடாள்வாரா? ன-வுக்கும் சுழி உண்டு, ள-வுக்கும் சுழி உண்டு. போனது ஒரே எழுத்து. என்ன செய்வது, போயும் போயும் அந்த எழுத்தா போக வேண்டும்?

"ஆப்சென்ட் சார்" என்றேன். 

கோதண்டம் உடனே, "மகன்னுதான் சார் இருக்கும். ராஜான்னா மகன்தானே?" என்றார்.

"இருக்கலாம்" என்றார் சார்.

வேதா என் பக்கத்தில் வந்து நின்றாள். "மேடம், மகள்னும் இருக்கலாம் இல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். முதல் தடவையாக அவளே கேட்டாள்.

"இருக்கலாம்மா" என்றார் சார், அதே குரலில். சொல்லிவிட்டுப் படியில் ஒரு புள்ளி வைத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மதியம் சாப்பாட்டின்போது அவரோடு மல்லுக்கு நின்றேன். மகன் என்றால் அப்பா பெயரைச் சொல்லிவிட்டு மகன் பெயரையும் சொல்வார்களே, இங்கே வெறும் பட்டம்தானே இருக்கிறது, இது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று அடுக்கினேன். சார் பொரியைக் கொறித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"சகுந்தலா, நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு. எனக்கும் அதான் பிடிச்சிருக்கு."

"அப்புறம் என்ன சார்?"

"உனக்கு எது பிடிக்கும், எனக்கு எது பிடிக்கும்னு கல்லு கேக்கலியே."

நான் சாப்பாட்டுப் பொட்டலத்தை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். நல்ல மனுஷனுக்கு இவ்வளவு கல் நெஞ்சா என்று இருந்தது. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் தெற்குச் சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சுவரும் தரையும் சேரும் இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கல்வெட்டின் கடைசி வரி தரைக்குள் பாதி முழுகியிருந்தது. கீழே இன்னும் வரிகள் இருக்கின்றன. தரையை உயர்த்தி, மேலே பளபளவென்று டைல்ஸ் போட்டு மூடியிருக்கிறார்கள். டைல்ஸில் பெரிய எழுத்தில் 'உபயம்: செங்கழனிப்பாக்கம் ஏகாம்பரம்' என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சார் சிரிக்கவில்லை. நேராக ஏகாம்பரத்திடம் போய் விஷயத்தைச் சொன்னார். "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்க பொண்ணுக்குச் சாதகமாவும் இருக்கலாம், பாதகமாவும் இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். இப்ப இருக்கற மாதிரி விட்டுட்டா, ரெண்டு பக்கமும் பேசறதுக்கு இடம் இருக்கு. அதையும் யோசிச்சுக்கோங்க."

வேதா பதறிப்போனாள். "வாணாம் நைனா. கீழ மகன்னு போட்டிருந்தா? இப்பவாவது இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. அப்புறம் ஒரேடியா முடிஞ்சிடும்."

ஏகாம்பரம் நாற்காலியைத் தள்ளச் சொல்லி அந்த டைல்ஸுக்கு முன்னால் வந்தார். "மகன்னு இருந்தா கோதண்டம் கட்டிக்கட்டும்டி. அவனும் என் புள்ளதான். ஆனா தெரியாம ஒருத்தன் கட்டிக்கறதுக்குத் தெரிஞ்சி கட்டிக்கட்டும்" என்றார். பிறகு சாரைப் பார்த்து, "நான் போட்டது சார். நானே ஒடைக்கச் சொல்றேன். ஒடைங்க" என்றார்.

கோயில் நிர்வாகத்தின் அனுமதி வாங்கச் சில நாள் பிடித்தது. உத்திரத்துக்கு முந்தின வாரம் டைல்ஸ் பெயர்க்க ஆள் வந்தது. ஆளைக் கொண்டுவந்ததே கோதண்டம். "என் கடைச் சரக்கு சார், என் ஆளு எடுத்தாத்தான் ஒழுங்கா வரும்" என்றார். அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்திருக்கிறது. டைல்ஸுக்குக் கீழே சிமெண்டு, அதற்குக் கீழே ஈர மண். மண்ணை நான் கையாலேயே வாரினேன். கடப்பாரை பட்டால் கல் போய்விடும். மண்ணுக்குள் இருந்ததாலோ என்னவோ அந்த எழுத்துகள் நேற்று வெட்டியவை போல இருந்தன.

அன்றைக்குத் தாளை ஒட்டும்போது அவசரத்தில் ஒரு மூலையைக் கிழித்துவிட்டேன். "நிதானம், நிதானம். அவங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க" என்றார் சார். 

மை ஒற்றி முடித்ததும் வருகைப் பதிவு தொடங்கியது. ஊரில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். முதலில் 'பிள்ளைகள்' என்று இருவர் பெயர் வந்தது. பிறகு:

"திரு?"

"இருக்கு சார்."

"வ?"

"இருக்கு."

"யி?"

"இருக்கு."

"று?"

அதற்குள் அடுத்த சொல் என் கண்ணில் பட்டுவிட்டது. 'வாய்த்த'. அதற்கடுத்தது 'நாடாள்வார்'. திருவயிறு வாய்த்த நாடாள்வார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, மை பட்ட கையால் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டேன்.

"இன்னா மேடம், இன்னா போட்டுகீது?" என்று வேதா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அரசிகளைப் பற்றிய பழைய கல்வெட்டுகளில் வரும் சொல் அது. இன்னாரைத் திருவயிறு வாய்த்தவர் என்றால், இன்னாரைத் தன் வயிற்றில் சுமக்கும் பாக்கியம் பெற்றவர் என்று பொருள். நாட்டை ஆண்ட அந்த நாடாள்வார் ஓர் அம்மா. வீரப்பெருமானுக்கு வேறு வாரிசு இல்லாமல் நாடும் ஏரியும் மகளிடம் வந்ததென்று தொடர்ந்து வந்த வரிகள் சொல்லின. அவருடைய அகமுடையான், அதாவது கணவர், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கல் பொரிந்து போயிருந்தது. "மாப்பிள்ளை ஆப்சென்ட்" என்றார் சார். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் சிரித்தார்.

கோதண்டம் விடவில்லை. "ராஜாக்கு மட்டும் வயிறு இல்லியா சார்? எல்லாருக்கும்தான் வயிறு கீது."

"எல்லாருக்கும் இருக்கு தம்பி. உங்களுக்கும் இருக்கு" என்று சார் அவருடைய தொந்தியைப் பார்த்தார். "திருவயிறு வாய்க்கறது பெத்தவளுக்குத்தான்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோருமே சிரித்துவிட்டார்கள். ஏகாம்பரம் மட்டும் வாயைத் திறந்தபடி இருந்தார்.

"அப்ப மீசை?" என்றார்.

பாவம், அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த மீசை அது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆள்வார், ஆண்டார், வந்தார், கட்டினார் என்று நம் தமிழில் மரியாதையாகச் சொல்லிவிட்டால் ஆணா பெண்ணா என்பது மறைந்துபோகிறது. இந்த ஊர் அந்த அம்மாவைப் பெயர் சொல்லாமல் பட்டத்தைச் சொல்லியே கும்பிட்டு வந்திருக்கிறது. நாடாவாரு கட்டினாரு, நாடாவாரு ஆண்டாரு. பேச்சில் 'ஆரு' வந்ததும் மீசை வந்துவிட்டது, மீசை வந்ததும் குதிரை வந்துவிட்டது. மரியாதை கொடுத்துக் கொடுத்தே ஒரு பெண்ணை ஆண் ஆக்கிவிட்டார்கள். இந்தத் தப்பை நம்மைத் தவிர உலகத்தில் வேறு யார் செய்வார்கள் சொல்லுங்கள்.

அதன் பிறகு நாங்கள் சுற்றுவட்டாரச் சின்னக் கோயில்களில் எல்லாம் அந்த அம்மாவைத் தேடினோம். அவருடைய மகன் ஓரிடத்தில் ஏரிக்கு மதகு வைத்திருக்கிறான். பேரன் ஓரிடத்தில் விளக்கு எரிக்க, நெய்க்காக ஆடு விட்டிருக்கிறான். பேத்தி ஒருத்தி நந்தவனத்துக்கு நிலம் விட்டிருக்கிறாள். எல்லோரும் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டது அப்பா பெயரை இல்லை. நாடாள்வார் மகன், நாடாள்வார் பேரன், நாடாள்வார் பேத்தி. இன்றைக்கு நாம் இனிஷியல் போடுகிற மாதிரி அந்த வம்சம் முழுக்க அந்த அம்மாவை முன்னால் வைத்துக்கொண்டே நடந்திருக்கிறது. அப்புறம் பெரிய அரசுகள் வந்தன, சிற்றரசுகள் அதில் கரைந்தன. செங்கழனிப்பாக்கத்தில் ஒரு கூப்பிடுகுரல் மட்டும் நின்றது.

ஆனால் கல் படித்த அன்றைக்கே ஊர்ப் பெரியவர்கள் சாரைச் சூழ்ந்துகொண்டார்கள். "அப்ப பரிவட்டம் யாருக்கு சார்? நீங்களே சொல்லிடுங்க."

நான் ஆவலோடு அவர் முகத்தைப் பார்த்தேன். சார் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். "அந்தக் காலத்துல இங்க என்ன நடந்துதுன்னு கல்லு சொல்லுது. இந்த வருஷம் யார் நிக்கணும்னு அதுல இல்ல. இல்லாததை நான் எப்படிப் படிப்பேன்? அது நீங்க பேசித் தீத்துக்க வேண்டியது." சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

பயந்தபடியேதான் ஆனது. "அந்தக் காலத்து ராணி வேற, இந்தக் காலத்துப் பொம்பள வேற" என்றார் ஒரு பெரியவர். "கொண்டை மேல பரிவட்டம் எப்பிடிய்யா நிக்கும்?" என்றார் இன்னொருவர். உத்திரத்துக்கு முதல் நாள் வரை முடிவு இல்லை. வேதா எனக்குப் போன் செய்து, "நைனா சாப்ட மாட்டேன்றாரு மேடம். நீங்க மட்டும் நாளைக்கு வந்துடுங்க, எனக்கு இன்னாவோ மாதிரி கீது" என்றாள். தண்ணீர் லாரிக்காரியின் குரலா அது என்று இருந்தது.

சாரும் நானும் போனோம். வேலை விஷயமாக இல்லை, எங்கள் சொந்தக் காசில் பஸ் ஏறிப் போனோம். வாசலில் நாதஸ்வரமும் மேளமும் அமர்க்களப்பட்டன. சாமியைத் தோளில் ஏற்றுவதற்கு ஆட்கள் தயாராக நின்றார்கள். கோதண்டம் பட்டு வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு முன்னால் நின்றார். வேதா அரக்குப் புடவையில் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். இரண்டு கைகளும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன. குருக்கள் வெளியே வந்தார். மேளம் நின்றது.

"நாடாவாரு வூடு வந்தாச்சா?"

கோதண்டம் தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து எவனோ ஒருவன், "கோதண்டண்ணா, உனக்குத் திருவயிறு வாய்ச்சிருக்கா?" என்று கத்தினான். சிரிப்பு ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை ஓடியது.

குருக்கள் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். "நாடாவாரு வூடு வந்தாச்சா?"

கோதண்டம் விருட்டென்று திரும்பினார். முகம் ஜிவுஜிவு என்று சிவந்திருந்தது. "ஒரு வாரமா கடையில ஒக்கார முடியல. சிமெண்டு வாங்க வர்றவன்லாம் வயித்தத்தான் பாக்கறான். இந்தப் பேஜாரு எனக்கு வாணாம்" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "வாக்கா. சாமி எவ்ளோ நேரம் நிக்கும்? பெரியப்பா மூஞ்சப் பாத்துட்டு நான் எப்பிடி அத்தத் தலையில வாங்கிக்குவேன்? வா." சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். அவருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

வேதா நகரவில்லை. சார் என் காதருகில், "பதில் சொல்லச் சொல்லு சகுந்தலா" என்றார். அவரும் அந்த நேரத்தில் தவித்துக்கொண்டுதான் இருந்தார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேதா மூன்றே எட்டில் முன்னால் போய்விட்டாள்.

"வந்தாச்சு" என்றாள். அந்தக் குரல் மேடவாக்கம் வரை கேட்டிருக்கும்.

குருக்கள் துணியை வைத்துக்கொண்டு ஒரு கணம் திகைத்தார். அவள் பின்னலை ஒரே சுழற்றில் முன்னால் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். "சும்மா இழுத்துக் கட்டுங்க சாமி, ஒண்ணும் ஆவாது." கட்டினார். நின்றது. மேளம் பிளந்துகொண்டு எழும்பியது, சாமி தோளுக்கு ஏறியது.

வேதா நேராக அப்பாவிடம்தான் வந்தாள். ஏகாம்பரம் வலது கையால் நாற்காலியை ஊன்றிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். அந்த இடது கால் எப்படி நிற்கும்? "இன்னா நைனா பண்ற, ஒக்காரு ஒக்காரு" என்று அவள் தோளை அழுத்தினாள். அவர் அவள் கையை விலக்கினார். பிறந்ததிலிருந்து அவளை வாடி, போடி என்று மட்டுமே கூப்பிட்டு வந்த மனுஷர் அவர்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். "நான் பாக்கணும்."

வேதா நின்றாள். அந்த 'ங்க' அவள் காதில் விழுந்து உள்ளே இறங்க ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், பரிவட்டம் கட்டிய தலையோடு, சின்னப் பிள்ளைபோல ஓவென்று அழ ஆரம்பித்தாள். எனக்கும் தாங்கவில்லை. சார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

ஏகாம்பரம் மட்டும் அழவில்லை. குழறும் வாயால் ஒவ்வோர் எழுத்தாகத் திருத்தமாகச் சொன்னார்: "அழுவாதீங்க. சாமி கெளம்பிடுச்சி. முன்னாடி போங்க."